புயல் கரையின் நேம்சர்வர்கள்

விழுப்புரம் மாவட்டத்தின் கடலோர ஊரான மரக்காணம், தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்தபடியாகத் தமிழகத்தில் உப்பு விளைச்சலுக்குப் பெயர்பெற்றது. சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டரிலும் புதுச்சேரிக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டரிலும் அமைந்த இவ்வூரின் உப்பளங்கள், பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியை ஒட்டியும் கழுவெளி ஏரி கடலோடு கலக்கும் தாழ்நிலத்திலும் பரந்து கிடக்கின்றன. தை தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை பாத்திகளில் உப்பு விளையும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வேலை நின்றுவிடும். வங்கக் கடலின் புயல்கள் இக்கரையை நாடி வருவதும் அதே மாதங்களில்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது; 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணம் பகுதியில் கரையேறியது; 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கடந்தபோது, புதுச்சேரியிலும் மயிலத்திலும் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை கொட்டியது.

இக்கரையின் விடுதிகள், பள்ளிகள், மருத்துவமனைகள், உப்பு வணிகர்கள் ஆகியோரின் இணையதளங்களையும் மின்னஞ்சலையும் ஏற்று நடத்தும் சிறு ஹோஸ்டிங் நிறுவனம் ஒன்று தன் நேம்சர்வர்களை எங்கே, எப்படி அமைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரை ஆராயும் வினா. மேலோட்டமாகப் பார்த்தால் இது கணினி அறைக்குள் முடிந்துவிடும் நுட்பச் சிக்கலாகத் தோன்றும். ஆனால், மின்கம்பமும் சாலையோரக் கேபிளும் புயலின் அகலமும் இந்த வினாவின் விடையில் மென்பொருளுக்கு நிகரான பங்கு வகிக்கின்றன.

டிஎன்எஸ் எனப்படும் பெயர் முறைமை, மனிதர்கள் தட்டச்சு செய்யும் டொமைன் பெயரைக் கணினிகள் ஒன்றையொன்று அடையப் பயன்படும் ஐபி எண்ணாக மாற்றித் தருவது. பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வகுத்த இம்முறைமை, 1987இல் வெளியான ஆர்எஃப்சி 1034, 1035 ஆகிய இரு தர ஆவணங்களின் வழியே இன்றைய வடிவை அடைந்தது. பயனர் ஒருவர் ஒரு தளத்தின் பெயரைக் கேட்கும்போது, அவருடைய இணையச் சேவை நிறுவனத்தின் ரிசால்வர், அதாவது கேள்விக்கு விடை தேடித் தரும் சர்வர், முதலில் ரூட் சர்வரையும், அடுத்து டாட் இன், டாட் காம் போன்ற மேல்நிலை டொமைனின் சர்வரையும் அணுகி, அந்தக் குறிப்பிட்ட டொமைனுக்கு விடை சொல்லும் பொறுப்பு எந்த நேம்சர்வர்களிடம் உள்ளது என்பதை அறிந்து, பின்னர் அவற்றிடம் போய்க் கேட்கிறது. கிடைத்த விடையை டிடிஎல் எனப்படும் கால வரம்பு முடியும்வரை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஹோஸ்டிங் நிறுவனத்தின் பொறுப்பு இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் தொடங்குகிறது. அக்கண்ணி அறுந்தால், தளம் இருக்கும் சர்வர் பழுதின்றி ஓடிக்கொண்டிருந்தாலும் அதை எவராலும் அடைய முடியாது. ஒரு வாடிக்கையாளரின் தளம் பழுதானால் பாதிப்பு அவரோடு நிற்கும். நேம்சர்வர் பழுதானால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மறைந்துபோவர்.

இவ்வாபத்தை முறைமையை வகுத்தவர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். ஒவ்வொரு ஸோனும், அதாவது ஒரு டொமைனுக்குரிய பதிவுகளின் தொகுப்பும், குறைந்தது இரண்டு சர்வர்களில் கிடைக்க வேண்டும் என்பது ஆர்எஃப்சி 1034இன் விதி. டொமைன் பதிவாளர்களும் பொதுவாக இரண்டு நேம்சர்வர் பெயர்களைக் கேட்கின்றனர். ஆனால் விதியின் சொல்லுக்கு இணங்கிவிட்டு அதன் நோக்கத்தைக் கைவிடும் வழக்கம் சிறு ஹோஸ்டிங் தொழிலில் பரவலாக உள்ளது. வாடகைக்கு எடுத்த ஒரே சர்வருக்கு இரண்டு ஐபி எண்களைப் பெற்று, என்எஸ்1, என்எஸ்2 என இரு பெயர்களைச் சூட்டி, பதிவாளரிடம் இரண்டையும் பதிந்துவிட்டால் படிவம் நிறைவடைந்துவிடும். பாதுகாப்பு மட்டும் கிடைக்காது. மழைக்கு அஞ்சி உப்பை இரண்டு அம்பாரமாகப் பிரித்து, இரண்டையும் ஒரே தாழ்ந்த வரப்பின்மீது குவிப்பதற்கு ஒப்பானது இது.

இரண்டாம் நேம்சர்வரைத் தேர்வு செய்யும் முறையை விரிவாகப் பேசும் ஆவணம், 1997 ஜூலையில் வெளியான ஆர்எஃப்சி 2182. சர்வர்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் அவற்றுக்கு இடையேயுள்ள தொலைவே முதன்மையானது என்பது அதன் மையக் கருத்து. தொலைவு என்பது நில அளவில் மட்டுமன்று, வலையமைப்பின் அளவிலும் கணக்கிடப்பட வேண்டும். ஒரே கட்டடத்தில், ஒரே மின் இணைப்பில், ஒரே ரவுட்டருக்குப் பின்னால் உள்ள இரு சர்வர்கள் ஒரே விபத்தில் வீழும். பெரும்பாலான நிறுவனங்களுக்கு மூன்று சர்வர்கள் போதும் என்றும், அவற்றுள் ஒன்றேனும் மற்றவற்றிலிருந்து நன்கு விலகியிருக்க வேண்டும் என்றும் அவ்வாவணம் கூறுகிறது. கால் நூற்றாண்டு கடந்த பின்னும் இந்த அறிவுரை பழையதாகவில்லை.

இதைப் புறக்கணித்ததன் விளைவு 2001 ஜனவரியில் உலகறிய வெளிப்பட்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு நான்கு நேம்சர்வர்கள் இருந்தும், நான்கும் ஒரே வலைப்பகுதியில் இருந்தன. ஜனவரி 23 அன்று அவற்றின் முன்னிருந்த ரவுட்டர் அமைப்பில் செய்யப்பட்ட ஒரு மாற்றம் தவறாகிப்போக, அந்நிறுவனத்தின் தளங்கள் மறுநாள்வரை ஏறத்தாழ 22 மணி நேரம் பலருக்கும் எட்டாமல் போயின. அடுத்த சில நாட்களிலேயே அந்நிறுவனம் வேறொரு நிறுவனத்தின் தொலைவிலுள்ள நேம்சர்வர்களையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. பணமோ ஆளோ போதாமையால் நேர்ந்த பழுதன்று அது. நான்கு என்ற எண்ணிக்கை தந்த பொய்யான நிம்மதியே அதன் காரணம்.

மரக்காணம் கரைக்கு இந்தத் தொலைவு விதியைப் பொருத்தும்போது, புதுச்சேரியில் ஒன்று, சென்னையில் ஒன்று என்ற ஏற்பாடே முதலில் தோன்றும். இரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் இருப்பதால் அது போதுமானதாகவும் தெரியும். ஆனால் வங்கக் கடலில் வலுப்பெறும் ஒரு புயலின் மழைப்பரப்பு அந்த 150 கிலோமீட்டரை எளிதில் மூடிவிடக்கூடியது. நிவர் வந்தபோது சென்னையும் புதுச்சேரியும் ஒரே எச்சரிக்கையின் கீழ்தான் இருந்தன. சென்னையின் தரவு மையங்கள் டீசல் ஜெனரேட்டர்களோடும் பல்வழி இணைப்புகளோடும் உறுதியாகக் கட்டப்பட்டவை என்பது உண்மை. ஆயினும் 2015 டிசம்பர் வெள்ளமும் 2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா புயலும் அந்நகரின் மின்சாரத்தையும் தொலைத்தொடர்பையும் எந்த அளவுக்கு முடக்கின என்பதை மறப்பதற்கில்லை. சென்னையில் ஒரு நேம்சர்வர் இருப்பது நல்லதே. மற்றொன்று மும்பையிலோ ஐதராபாத்திலோ சிங்கப்பூரிலோ, எந்த ஒற்றைப் புயலும் சென்னையோடு சேர்த்துத் தொட முடியாத இடத்தில் இருக்க வேண்டும்.

தரைவழிக் கேபிளும் இதே கவனத்தைக் கோருகிறது. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடமிருந்து இணைப்புப் பெற்றுவிட்டால் மாற்றுவழி கிடைத்துவிட்டது என்று கருதுவது இயல்பு. ஆனால், கழிகளும் உப்பளங்களும் கடலும் நெருக்கும் குறுகிய நிலப்பட்டையில் சாலைகள் சிலவே உள்ளதால், இரு நிறுவனங்களின் ஃபைபரும் ஒரே சாலையோரப் பள்ளத்தில், ஒரே பாலத்தின் பக்கவாட்டில் செல்ல வாய்ப்பு மிகுதி. சாலையை அகலப்படுத்தத் தோண்டும் ஒரு பொக்லைன், இரண்டையும் ஒரே வீச்சில் அறுத்துவிடும். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், கேபிள் எந்தச் சாலை வழியே, எந்த ஊர் எக்ஸ்சேஞ்சுக்குச் செல்கிறது என்று கேட்டறிவது வீண் வேலை ஆகாது.

இங்கு ஒரு மறுப்பு எழுவதுண்டு. தளங்கள் இருக்கும் சர்வரே புயலில் முடங்கிவிட்டால், பெயருக்கு மட்டும் விடை கிடைத்து என்ன பயன் என்பதே அது. ஆர்எஃப்சி 2182 இதைத் தவறான நம்பிக்கை என்று தனியே எடுத்துப் பேசி மறுக்கிறது. நேம்சர்வர் உயிரோடு இருந்தால்தான் தளத்தின் ஐபி எண்ணை மாற்றி, வேறு ஊரில் உள்ள நகலுக்கு வருகையாளர்களைத் திருப்ப முடியும். மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ் பதிவு கிடைத்தால்தான் அனுப்பும் சர்வர் மாற்று அஞ்சல் சர்வரைத் தேடிச் சென்று கடிதத்தை ஒப்படைக்க முடியும். புயல் நாளில் விடுமுறை அறிவிக்க வேண்டிய பள்ளிக்கும், முன்பதிவு செய்தவர்களுக்குச் செய்தி சொல்ல வேண்டிய கடற்கரை விடுதிக்கும், சாதாரண நாளைவிட அந்த நாளில்தான் தளம் தேவைப்படுகிறது. முடங்கிய தளத்தை மீட்கும் கருவியே நேம்சர்வர் என்பதால், அது தளத்துக்கு முன்னே விழக்கூடாது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கையில், இக்கரையின் சிறு நிறுவனத்துக்கு மிகவும் பொருந்துவது மறைந்திருக்கும் முதன்மை சர்வர் என்னும் அமைப்பே. பதிவுகளைத் திருத்தும் பிரைமரி சர்வர் நிறுவனத்தின் அலுவலகத்திலோ அதன் ஹோஸ்டிங் சர்வரிலோ இருக்கும். அதன் பெயர் பொதுப் பட்டியலில் இடம்பெறாது. உலகம் கேட்கும் கேள்விகளுக்கு, தொலைவிலுள்ள இரண்டு அல்லது மூன்று செகண்டரி சர்வர்கள் மட்டுமே விடை தரும். அவை பிரைமரியிடமிருந்து ஸோனின் முழு நகலைப் பெற்று வைத்திருப்பதால், அலுவலகத்தில் மின்சாரம் போனாலும் வெளியுலகம் அதை உணராது; புதிய திருத்தங்கள் மட்டுமே தாமதமாகும்.

எத்தனை நாள் உணராது என்பதை நிர்ணயிப்பது ஸோனின் தலைப்பகுதியில் உள்ள எஸ்ஓஏ பதிவு. அதில் ஐந்து எண்கள் வரிசையாக நிற்கும். முதல் எண்ணான சீரியல் பதிப்பைக் குறிக்கும். ரெஃப்ரெஷ், எத்தனை வினாடிக்கு ஒருமுறை செகண்டரி வந்து புதிய பதிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லும். பிரைமரி பதிலளிக்காவிட்டால் எவ்வளவு நேரம் கழித்து மீண்டும் முயல வேண்டும் என்பதை ரீட்ரை சொல்லும். கடைசி எண், இல்லாத பெயர் என்ற விடையை ரிசால்வர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்பதை வரையறுக்கும். இவற்றுள் நான்காவதாக நிற்கும் எக்ஸ்பயர்தான் புயலுக்குரிய எண். பிரைமரியைத் தொடர்ந்து எட்ட முடியாமல் இந்தக் கால அளவு கடந்துவிட்டால், செகண்டரி தன்னிடமுள்ள நகலை நம்பத்தகாததெனக் கருதி விடை தருவதையே நிறுத்திக்கொள்ளும். பதிவுகளை விரைவாகப் புதுப்பிக்கும் ஆவலில் சிலர் இவ்விடத்தில் 86400 என எழுதிவிடுகின்றனர். ஒரு நாளுக்குரிய வினாடிகள் அவை. மின்வெட்டு இரண்டாம் நாளை எட்டியதும் மும்பையில் நலமாக ஓடும் செகண்டரியும் வாய் மூடிவிடும். 1996இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1912 இரண்டு முதல் நான்கு வாரங்களைப் பரிந்துரைக்கிறது. தானே புயலுக்குப் பின் கடலூர் மாவட்டத்தின் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப நாட்களும் வாரங்களும் ஆனதை எண்ணினால், 2419200, அதாவது 28 நாட்கள் என்ற உச்ச அளவே இக்கரைக்குத் தகும்.

ஸோன்களுக்கு டிஎன்எஸ்செக் கையொப்பம் இடும் நிறுவனங்கள் மட்டும் இதில் ஒரு விதிவிலக்கைக் கவனிக்க வேண்டும். விடை வழியில் திருத்தப்படவில்லை என்பதற்குச் சான்றாக ஒவ்வொரு பதிவோடும் இணைக்கப்படும் அக்கையொப்பத்துக்கும் காலாவதி நாள் உண்டு. கையொப்பமிடும் பிரைமரி முடங்கிக் கிடக்கையில் அந்நாள் கடந்துவிட்டால், செகண்டரி தரும் விடையைச் சரிபார்க்கும் ரிசால்வர்கள் புறந்தள்ளிவிடும். எனவே கையொப்பத்தின் ஆயுள், எக்ஸ்பயர் காலத்தைவிடக் கணிசமாக நீண்டிருக்க வேண்டும்.

நகல் பெறும் முறையில் இடறுவதற்கும் இடங்கள் உண்டு. பிரைமரியில் திருத்தம் நடந்ததும் அது நோட்டிஃபை என்னும் சிறு செய்தியைச் செகண்டரிகளுக்கு அனுப்பும். அவை சீரியல் எண்ணை ஒப்பிட்டு, தம்மிடம் உள்ளதைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் நகலை இழுத்துக்கொள்ளும். சீரியலை உயர்த்த மறந்தால் பிரைமரியில் புதிய விடையும் செகண்டரியில் பழைய விடையுமாகப் பிளவு தோன்றும். ஆண்டு, மாதம், நாள், அன்றைய வரிசை எண் என்று பத்து இலக்கங்களில் சீரியலை எழுதும் வழக்கத்தில், கைதவறி 2024க்குப் பதில் 2042 என விழுந்துவிட்டால் சிக்கல் இன்னும் நுட்பமானது: பின்னர்ச் சரியான எண்ணைத் திருப்பி எழுதினாலும் அது சிறிய எண் என்பதால் செகண்டரிகள் அதைப் பொருட்படுத்தா. சீரியல் எண்கள் வட்டமாகச் சுழல்பவை என்ற விதியைப் பயன்படுத்தி, தவறான எண்ணோடு 2147483647ஐக் கூட்டி, எல்லாச் செகண்டரிகளும் அதைப் பெற்றுக்கொண்ட பின், உரிய எண்ணை எழுதுவதே இதற்குரிய மருந்து.

கேள்வி பதில்கள் பெரும்பாலும் யுடிபி வழியே நடந்தாலும், முழு நகல் மாற்றம் டிசிபி 53ஆம் போர்ட்டில் நடப்பது. ஃபயர்வாலில் யுடிபியை மட்டும் திறந்துவிட்டு, செகண்டரி ஏன் நகல் பெறவில்லை என்று தேடுவது அடிக்கடி நிகழ்வது. நகலை யார் வேண்டுமானாலும் இழுத்துச் செல்லாதபடி, டிசிக் எனப்படும் பகிர்ந்த இரகசியச் சாவியால் பரிமாற்றத்தைக் காப்பதும் இன்றியமையாதது. புதிய வாடிக்கையாளர் ஒருவர் சேரும்போதெல்லாம் ஒவ்வொரு செகண்டரியிலும் அந்த டொமைனைக் கையால் சேர்ப்பதுதான் முன்பு பெரும் தொல்லையாக இருந்தது. விடுபட்ட டொமைனைப் பற்றிக் கேட்கப்பட்ட செகண்டரி மறுப்பு விடை தரும், பொறுப்பு ஒப்படைக்கப்பட்டும் பொறுப்பேற்காத நொண்டி நிலை உருவாகும். டொமைன்களின் பட்டியலையே ஒரு ஸோனாக எழுதி, அதையும் நகல் மாற்றத்தின் வழியே பரப்பும் கேட்டலாக் ஸோன் முறை 2023இல் ஆர்எஃப்சி 9432 ஆகத் தரமாயிற்று. பைண்ட், நாட், பவர்டிஎன்எஸ் ஆகிய மென்பொருள்கள் இதை ஏற்கின்றன. சிபேனல் என்னும் ஹோஸ்டிங் மேலாண்மை மென்பொருளைப் பயன்படுத்தும் நிறுவனங்களுக்கு, அதன் இலவசப் பதிப்பான டிஎன்எஸ்ஒன்லியை வேறொரு சிறு சர்வரில் நிறுவி இணைப்பது எளிய வழி.

மென்பொருள் ஒன்றே என்பதும் ஒரு வகை நெருக்கம்தான். 2015 ஜூலையில் பைண்டில் வெளிப்பட்ட ஒரு பிழையால், தனியே வடிவமைத்த ஒரே ஒரு பாக்கெட்டை அனுப்பி அச்சர்வரை நிறுத்திவிட முடிந்தது. உலகின் இரு முனைகளில் வைத்திருந்தாலும், இரண்டும் பைண்ட் என்றால் இரண்டும் விழும். செகண்டரிகளுள் ஒன்றில் என்எஸ்டி அல்லது நாட் மென்பொருளை ஓட்டுவது, கூடுதல் செலவின்றிக் கிடைக்கும் பாதுகாப்பு.

நேம்சர்வரின் பெயரும் ஒரு டொமைனைச் சார்ந்தே இருக்கிறது என்பது எளிதில் மறக்கப்படும் உண்மை. என்எஸ்1, என்எஸ்2 இரண்டும் நிறுவனத்தின் ஒரே டொமைனின் கீழ் இருந்து, அந்த டொமைனைப் புதுப்பிக்க மறந்துவிட்டால், வாடிக்கையாளர் அனைவரின் பெயர்களும் அதனோடு போகும். 1999 கிறிஸ்துமஸ் காலத்தில் பாஸ்போர்ட் டாட் காம் என்ற டொமைனைப் புதுப்பிக்க மைக்ரோசாஃப்ட் தவறியதால் ஹாட்மெயிலுக்குள் நுழைவதே தடைப்பட்டது. தொடர்பில்லாத ஒரு நிரலாளர் தம் பணத்தைக் கட்டி அதை மீட்டார். நிறுவன டொமைனைப் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே புதுப்பித்து வைப்பதோடு, ஒரு நேம்சர்வரின் பெயரையேனும் வேறொரு மேல்நிலை டொமைனின் கீழ் அமைப்பது அறிவுடைமை. சர்வரின் ஐபி எண் மாறும்போது, பதிவாளரிடம் உள்ள க்ளூ பதிவையும் மாற்ற வேண்டும். நேம்சர்வரின் பெயர் அதே டொமைனுக்குள் இருக்கையில், அதை அடையும் எண்ணை மேல்நிலை சர்வரே சேர்த்துச் சொல்வதற்காக வைத்திருக்கும் குறிப்பே க்ளூ பதிவு.

சொந்தமாக நடத்துவதா, பெரிய நிறுவனத்திடம் ஒப்படைப்பதா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. பெரிய நிறுவனங்கள் எனிகாஸ்ட் முறையில், ஒரே ஐபி எண்ணைப் பல நகரங்களிலிருந்து அறிவித்து, கேட்பவருக்கு அருகிலுள்ள சர்வரே விடை தரும்படி செய்கின்றன. 13 பெயர்களைக் கொண்ட ரூட் சர்வர்கள் உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இயங்குவது இம்முறையால்தான். எஃப் ரூட்டின் பிரதி ஒன்று சென்னையிலேயே உள்ளது. இத்தகைய அமைப்பைச் சொந்தமாகக் கட்டுவது சிறு நிறுவனத்தின் சக்திக்கு மீறியது, தேவையும் இல்லை. ஆனால் பெரிய நிறுவனமும் ஒற்றைப் புள்ளியே. 2016 அக்டோபர் 21 அன்று மிராய் தீநிரலின் தாக்குதலில் டின் நிறுவனத்தின் டிஎன்எஸ் சேவை திணறியபோது, ட்விட்டர், கிட்ஹப், ஸ்பாட்டிஃபை ஆகியவை பலருக்கும் எட்டாமல் போயின. 2021 அக்டோபர் 4 அன்று, நேம்சர்வர்கள் இயங்கிக்கொண்டிருந்தும் அவற்றுக்குச் செல்லும் வழி அறிவிப்புகள் திரும்பப் பெறப்பட்டதால், ஃபேஸ்புக் ஏறத்தாழ ஆறு மணி நேரம் மறைந்தது. எனவே செகண்டரிகளுள் ஒன்றை வெளி நிறுவனத்திடமும் மற்றொன்றைச் சொந்தமாக வாடகைக்கு எடுத்த விபிஎஸ் எனப்படும் சிறு மெய்நிகர் சர்வரிலும் வைப்பது, இரு வகை ஆபத்தையும் பகிர்ந்து குறைக்கும். மாதம் சில நூறு ரூபாய் வாடகையுள்ள விபிஎஸ்ஸே இப்பணிக்குப் போதும். ஹரிக்கேன் எலக்ட்ரிக் போன்ற நிறுவனங்கள் செகண்டரி சேவையை இலவசமாகவே வழங்குகின்றன. தொலைவிலுள்ள இரு சிறு நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று செகண்டரியாக இருந்து உதவிக்கொள்ளும் பழைய இணைய வழக்கம் இன்று அருகிவிட்டது. புதுச்சேரி நிறுவனம் ஒன்றும் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றும் அதை மீண்டும் கைக்கொள்வது இருவருக்கும் நன்மை தரும்.

நேம்சர்வர்கள் உறுதியாக நின்றால், டிடிஎல் எண்ணைக் கருவியாகப் பயன்படுத்தும் வாய்ப்பும் கிடைக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை புயல் எச்சரிக்கையைப் படிப்படியாக விடுக்கிறது: ஏறத்தாழ 72 மணி நேரத்துக்கு முன் முதல் அறிவிப்பும், மோசமான வானிலை தொடங்குவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்னும் 24 மணி நேரத்துக்கு முன்னும் அடுத்தடுத்த எச்சரிக்கைகளும் வரும். ஒரு நாள் டிடிஎல் வைத்திருக்கும் தளங்களுக்கு, முதல் அறிவிப்பு வந்தவுடனேயே அதை ஐந்து நிமிடமாகக் குறைத்துவிட்டால், பழைய எண்ணை நினைவில் கொண்ட ரிசால்வர்கள் அனைத்தும் புயலுக்கு முன்பே அதை மறந்துவிடும். தளத்தை வேறு ஊர் சர்வருக்கு மாற்ற நேர்ந்தால் வருகையாளர்கள் சில நிமிடங்களில் புதிய இடத்தை அடைவர். தளத்தின் முகவரிப் பதிவுக்கு மட்டுமே இதைச் செய்ய வேண்டும். நேம்சர்வர்களைக் குறிக்கும் என்எஸ் பதிவுகளின் டிடிஎல்லைக் குறைப்பது, அவற்றை எட்ட முடியாத வேளையில் ரிசால்வர்களின் நினைவு தரும் சிறு பாதுகாப்பையும் இழக்கச் செய்யும்.

எஞ்சியிருப்பது சோதனை. செகண்டரி பழுதாகி மாதங்கள் ஆனாலும் வெளியே தெரிவதில்லை, ஏனெனில் ரிசால்வர்கள் விடை வராத சர்வரை விட்டு மற்றொன்றை நாடிவிடும். சிறிது தாமதம் மட்டுமே இருக்கும். ஆகவே ஒவ்வொரு நேம்சர்வரையும் தனித்தனியே, நிறுவனத்தின் வலைக்கு வெளியிலிருந்து, டிக் கட்டளையால் யுடிபியிலும் டிசிபியிலும் கேட்டு, எல்லாவற்றின் சீரியல் எண்ணும் ஒத்திருக்கிறதா என்று நாள்தோறும் தானே சரிபார்க்கும் நிரல் ஒன்று தேவை. கண்காணிக்கும் அந்நிரல் அனுப்பும் எச்சரிக்கை, கண்காணிக்கப்படும் டொமைனின் மின்னஞ்சலுக்கே போகாமல், குறுஞ்செய்தியாக வர வேண்டும். பருவமழைக்கு முன், செப்டம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரைமரியின் மின் இணைப்பைத் துண்டித்து, முழு நாளும் அப்படியே விட்டு, வாடிக்கையாளர் தளங்கள் சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் திறக்கின்றனவா என்று பார்ப்பது நன்று. அதே நாளில், பதிவாளர் கணக்கின் கடவுச்சொல்லும் செகண்டரி சர்வர்களில் நுழையும் சாவியும் அலுவலகக் கணினியில் மட்டும் அல்லாமல் வேறோர் ஊரில் உள்ள ஒருவரிடமும் உள்ளனவா, அவரால் அலுவலகத்தின் துணையின்றி ஒரு செகண்டரியைப் பிரைமரியாக மாற்றிப் பதிவைத் திருத்த முடிகிறதா என்பதையும் செய்து பார்த்துவிட வேண்டும்.